ரசமட்டம்

காவேரிப்பட்டணம் தாண்டி
தோப்புக்குள் கேரவனைத் திருப்பும்போது
மணி ஆறேகால்.
காய் இறக்கி முடித்த மாமரங்கள்.
கீழ்க்கிளைகளுக்குக் கொடுத்த மூங்கில் முட்டுகளை
இன்னும் யாரும் எடுக்கவில்லை.

ரிவர்ஸுக்கு நான் கைகாட்ட
நீ கண்ணாடியை மட்டும் பார்த்து ஓட்டினாய்.
அதற்கொரு சண்டை.
இருட்டுவதற்குள் நிறுத்தியாக வேண்டுமென்பதால்
பாதியில் விட்டோம்.

உள்ளே தரையில் ரசமட்டத்தை வைத்தேன்.
குமிழி வாசல் பக்கம் ஓடி
ஒட்டிக்கொண்டு நின்றது,
கடைசி பஸ்ஸுக்கு நிற்பவனைப் போல.

சூளகிரி மனைக்குக்
கடைக்கால் தோண்டிய வாரம் வாங்கியது இது.
ஒரே மனைக்கு இரண்டு பத்திரம் என்று
அதே வாரம்தான் தெரிந்தது.
பதினோரு வருடமாக
ஒரு செங்கல் மேலும் உட்காராத ரசமட்டம்.
ஒருமுறை வாய்தாவுக்குப் போன பையில்
இதுவும் கிடந்தது.
ஏன் வைத்தாய் என்று நீ கேட்கவில்லை.
எனக்கும் தெரியாது.

"கிழக்கால நாலு விரல் பள்ளம்"
என்றாள் கெம்பம்மா,
மோட்டார் நிறுத்த வந்தவள்,
ஒன்றையும் வைத்துப் பார்க்காமல்.
"தண்ணி கட்டுறவளுக்குத் தெரியாதா?"

வரும் வழியில் பாலிஷ் பட்டறைக் குப்பையில்
பொறுக்கிய கிரானைட் துண்டுகள்.
யார் வீட்டுச் சமையல் மேடைக்கோ மெருகேறி
மூலை உடைந்து கழிக்கப்பட்டவை.
பளபளப்பு மேலே தெரிய நீ அடுக்கினாய்.
சக்கரம் ஏறியது, வழுக்கியது, இறங்கியது.
சொரசொரப்பு மேலே வரும்படி
நான் புரட்டிப் போட்டேன்.
ஏறி நின்றது.
அதைப் பற்றி இருவருமே பேசவில்லை.

பிறகு சக்கரத்துக்குக் கட்டை.
பிறகு காரைக் கழற்றினோம்.
மூக்குச் சக்கரத்தின் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற
முழு வீடும் மெதுவாகத் தலை தாழ்த்தியது.
"போதும்... இன்னும் கொஞ்சம்... ஐயோ, திரும்பு."
எட்டு முறை திரும்பினாய்.

மூலைக் கால்கள் நான்கும் கடைசியில்தான்.
அவை தூக்குவதற்கில்லை.
தரையைத் தொட்ட பிறகு அரைச் சுற்று,
அதற்குமேல் வேண்டாம் என்று
வண்டியை விற்ற ஓசூர்க்காரர்
மூன்று தடவை சொல்லியனுப்பினார்.
நீ முக்கால் சுற்று சுற்றினாய்.
பார்த்தேன்.

தோசை ஊற்றினேன்.
மாவு எந்தப் பக்கமும் சாயாமல்
கல்லில் வட்டமாகவே வெந்தது.
எண்ணெய் ஓரத்துக்கு ஒதுங்கவில்லை.
இரண்டாவது தோசையை நீ
பிய்க்காமல் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஒரு மணிக்கு மழை.
மூன்று மணிக்கு
வெங்காயம் ஒன்று கூடையிலிருந்து இறங்கி
கட்டில் வரை உருண்டு வந்தது.

டார்ச்சோடு இறங்கினேன்.
கிரானைட்டோடு சேர்ந்து கிழக்குச் சக்கரம்
சேற்றில் ஒரு விரல் புதைந்திருந்தது.
பின்மூலைக் காலைக் காணோம்,
கணுக்கால்வரை மண்.
காலை ஏற்றி, மிச்சமிருந்த பலகையை அடியில் தள்ளி,
மறுபடி இறக்கினேன்.
தொட்டது. அரைச் சுற்று.
கை இன்னும் சுற்றச் சொன்னது.
தூக்குவதற்கில்லை, தூக்குவதற்கில்லை.

ஜன்னலில் உன் தலை.
"நடுவுல வந்துடுச்சு! உள்ள வா, நனையாத!"
பொய் சொல்லும்போது உன் குரல்
கொஞ்சம் சத்தமாகும்.

துவட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன்.
குமிழி கோட்டின் மேலேயே கிடந்தது,
பாதி அங்கே, பாதி இங்கே.
நீ அதற்குள் சுவர்ப்பக்கம் திரும்பி
தூங்குவதாக மூச்சுவிட்டாய்.
ரசமட்டத்தை எடுத்து
கேஸ் ஃபைல் இருக்கும் அலமாரியில் வைத்தேன்.
பதினாறாம் தேதி வாய்தா.
தலையணையை மேட்டுப் பக்கம்
மாற்றிப் போட்டுப் படுத்தேன்.

வெளியே,
கெம்பம்மா சொன்ன பக்கமாகவே
தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.